லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தின் டெனிஸ் வரலாறு: ஆஷ், பில்லி ஜீன் கிங், கொனர்ஸ்

ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கிண்ணங்களை எண்ணுவதோடு நின்றுவிடுகின்றனர். எத்தனை சாம்பியன் பட்டங்கள், எந்தெந்த ஆண்டுகளில், எவருடைய தலைமையில் என்று ஒரு பட்டியலைத் தந்துவிட்டால் வரலாறு முடிந்துவிட்டதாகக் கருதுகின்றனர். ஆனால் கிண்ணம் வென்ற மாணவனுக்குப் பல்கலைக்கழகம் என்ன கொடுத்தது, அதே காலத்தில் வாயிலுக்கு வெளியே யார் நிறுத்தப்பட்டிருந்தார்கள் என்ற கேள்விகளை எழுப்பும்போதுதான் அந்தப் பட்டியலுக்கு உயிர் வருகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகம், அதாவது யு.சி.எல்.ஏ. என்று உலகறிந்த நிறுவனத்தின் டெனிஸ் வரலாறு இக்கேள்விகளுக்கு நல்லதோர் உரைகல். நீண்டகாலம் பத்திரிகைப் பணியில் இருந்து இந்த ஆட்டக்காரர்களின் பெயர்களைச் செய்திகளில் திரும்பத் திரும்ப எழுதியவன் என்ற வகையில், அப்பெயர்களை ஒன்றிணைத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக இருந்துவந்தது.

சீமெந்துத் தரையும் சூரிய ஒளியும்

அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான டெனிஸ் போட்டி 1883இல் ஆரம்பமானது. முதல் ஒற்றையர் பட்டத்தை ஹார்வார்ட் மாணவர் ஒருவர் வென்றார். அதன்பின் பல தசாப்தங்களுக்கு இந்த ஆட்டம் கிழக்குக் கரையின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களின் தனிச்சொத்தாகவே விளங்கியது. புற்றரை, வெள்ளை உடை, செல்வந்தர் கழகங்கள் என்பனவே டெனிஸின் அடையாளங்கள்.

இந்த நிலையைக் கலிபோர்னியா மாற்றியது. அங்கு ஆண்டு முழுவதும் வெயில். புல் வளர்த்துப் பேணுவதற்குப் பதிலாகச் சீமெந்துத் தரையில் ஆடுகளங்கள் அமைக்கப்பட்டன. அவை பொதுப் பூங்காக்களிலும் இருந்தன. பனிக்காலத்தில் கிழக்கே மாணவர்கள் கூரையின்கீழ் ஒதுங்கியிருக்க, மேற்கே பன்னிரண்டு மாதமும் ஆட்டம் நடந்தது. வேகமான அந்தத் தரை, பலமான சேர்விஸ் போட்டு வலையை நோக்கிப் பாயும் ஒரு புதிய ஆட்டமுறையையும் உருவாக்கியது.

1919இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தெற்குக் கிளையாகத் தொடங்கிய யு.சி.எல்.ஏ., 1929இல் வெஸ்ட்வுட் பகுதியில் இன்றுள்ள வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. அதன் ஆரம்பகால டெனிஸ் பயிற்றுநர் வில்லியம் அக்கர்மன். அப்பல்கலைக்கழகத்தின் பழைய மாணவரான அவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அப்பொறுப்பை வகித்தார். அங்குள்ள மாணவர் ஒன்றியக் கட்டடம் இன்றும் அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. 1933இல் ஜக் டிட்போல் ஒற்றையர் பட்டத்தை வென்றார். 1950இல் ஹேர்பேர்ட் பிளாம் ஒற்றையர் பட்டத்தை வெல்ல, அணிக்கான தேசிய சாம்பியன் பட்டமும் முதல் தடவையாக யு.சி.எல்.ஏ.யை வந்தடைந்தது.

அணிகளுக்குப் புள்ளி வழங்கிச் சாம்பியனைத் தீர்மானிக்கும் முறை 1946இல்தான் வந்தது. 1960 முதல் 1984 வரையான 25 ஆண்டுகளில், 1972 தவிர்ந்த 24 ஆண்டுகளிலும் அணிப் பட்டம் மூன்று கலிபோர்னியப் பல்கலைக்கழகங்களுக்கே சென்றது. யு.சி.எல்.ஏ., அதே நகரிலுள்ள தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், வடக்கே ஸ்டான்போர்ட் என்பனவே அவை. 1972இல் மட்டும் டெக்சாஸ் மாநிலத்தின் ட்ரினிட்டி பல்கலைக்கழகம் குறுக்கிட்டது. இத்தகைய ஆதிக்கம் வேறு எந்த விளையாட்டிலும் எளிதில் காணக்கிடைப்பதன்று.

கணக்கு வழக்கில் தேர்ந்த பயிற்றுநர்

அக்கர்மனுக்குப் பின் பொறுப்பேற்றவர் ஜே.டி. மோர்கன். இவரும் யு.சி.எல்.ஏ. அணியில் ஆடியவர். இரண்டாம் உலக மகா யுத்தத்தில் கடற்படையில் பணியாற்றியவர். பல்கலைக்கழகத்தின் நிதி நிருவாகத்தில் இருந்துகொண்டே டெனிஸ் பயிற்சியையும் கவனித்தார். 1952, 1953, 1954, 1956, 1960, 1961, 1965 ஆகிய ஆண்டுகளில் அவருடைய அணிகள் தேசியப் பட்டத்தை வென்றன. 1963இல் அவர் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத்துறைப் பணிப்பாளராகவும் நியமிக்கப்பட்டார். கூடைப்பந்தாட்டத்தில் ஜோன் வூடன் பத்துத் தேசியப் பட்டங்களை வென்று பெரும் புகழ் பெற்றது மோர்கன் பணிப்பாளராக இருந்த காலத்திலேயே.

மோர்கனின் மாணவர்களுள் சிலரின் வாழ்க்கையைப் பார்த்தால் அன்றைய பல்கலைக்கழக விளையாட்டின் தன்மை விளங்கும். 1960இல் ஒற்றையர் பட்டம் வென்ற லரி நாக்லர், வூடனின் கூடைப்பந்து அணியிலும் ஆடியவர். பின்னர் அவர் சட்டத்தரணியானார். 1961இல் பட்டம் வென்ற அலன் பொக்ஸ் உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் டெனிஸில் பகிரங்கமாகப் பணம் சம்பாதிக்க வழியில்லை. விம்பிள்டனும் ஏனைய பெரிய சுற்றுப்போட்டிகளும் தொழில்சாரா ஆட்டக்காரருக்கே உரியனவாயிருந்தன. ஆகவே திறமையான இளைஞன் பல்கலைக்கழகம் செல்வதே இயல்பான வழியாக இருந்தது. ஆட்டம் முடிந்தபின் வாழ்வதற்கு ஒரு தொழில் தேவை என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர்.

ரிச்மண்டிலிருந்து வந்த மாணவர்

1961இல் யு.சி.எல்.ஏ.க்குள் நுழைந்த ஆர்தர் ஆஷ் 1943 ஜூலை 10ஆம் திகதி வெர்ஜினியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரிற் பிறந்தவர். அவருடைய தந்தையார் கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட புறூக் பீல்ட் பூங்காவின் காவலாளர். பூங்காவுக்குள்ளேயே வீடு. வீட்டு வாசலை விட்டு இறங்கினால் டெனிஸ் களம். தாயாரை ஆறு வயதில் இழந்த சிறுவனுக்கு அந்தக் களமே உலகமாயிற்று. ஆனால் அதே நகரின் பெரிய பூங்காவில் வெள்ளையர் ஆடும் களங்களில் அவர் கால் வைக்க முடியாது. அதுவே அன்றைய சட்டம்.

கறுப்பின இளைஞர்களுக்கு டெனிஸ் பயிற்றுவிப்பதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டிருந்த டொக்டர் றொபேர்ட் வோல்டர் ஜோன்சன் என்ற மருத்துவரிடம் ஆஷ் கோடை விடுமுறைகளில் பயின்றார். கறுப்பின மக்களுள் முதன்முதலாக விம்பிள்டன் பட்டம் வென்ற அல்தியா கிப்சனுக்கு உதவியவரும் இவரே. டொக்டர் ஜோன்சனின் விதிகள் விசித்திரமானவை. எதிராளி அடித்த பந்து கோட்டுக்கு ஓரிரு அங்குலம் வெளியே விழுந்தாலும் உள்ளே விழுந்ததாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும். நடுவரோடு வாதாடக் கூடாது. முகத்திற் கோபம் தெரியக் கூடாது. கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர் சிறிது குரலை உயர்த்தினாலும் அதையே காரணமாக்கி அனைவரையும் வெளியேற்றக் காத்திருப்போர் இருந்தனர். அதனால் எழுந்த தற்காப்பு ஏற்பாடு அது. ஆஷ் வாழ்நாள் முழுதும் பேணிய அமைதியை இயல்பான குணம் என்று பலர் எழுதினர். அது கற்றுக்கொள்ளப்பட்ட அமைதி என்பதே என் கருத்து.

ரிச்மண்டில் இருந்தால் தமக்கு வளர்ச்சி இல்லை என்பதை உணர்ந்து, பாடசாலையின் இறுதி ஆண்டை ஆஷ் சென் லூயிஸ் நகரிற் கழித்தார். மோர்கன் தொலைபேசியில் அழைத்துப் புலமைப்பரிசில் தருவதாகக் கூறியபோது அவர் தயங்கவில்லை. அதற்குக் காரணம் டெனிஸ் மட்டுமன்று. பின்னாளில் நோபல் சமாதானப் பரிசு பெற்ற றால்ப் பஞ்ச் 1927இல் பட்டம் பெற்று வெளியேறிய பல்கலைக்கழகம் அது. பேஸ்போல் விளையாட்டின் நிறத்தடையை உடைத்த ஜக்கி றொபின்சன் நான்கு விளையாட்டுகளில் ஆடிய மைதானங்கள் அங்கே இருந்தன. 1960 ஒலிம்பிக்கில் டெக்கத்லன் தங்கப் பதக்கம் வென்ற றேபர் ஜோன்சன் அங்கு மாணவர் தலைவராகத் தெரிவுசெய்யப்பட்டிருந்தார். தென் மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கதவடைத்திருந்த காலத்தில், முன்னோடிகளின் காலடித் தடங்கள் இருந்த இடத்தைத் தேடியே அந்த இளைஞர் மேற்கு நோக்கிச் சென்றார்.

ஆனால் கலிபோர்னியாவும் சொர்க்கமன்று. அங்கிருந்த தனியார் கழகம் ஒன்று நடத்திய சுற்றுப்போட்டிக்கு யு.சி.எல்.ஏ. ஆட்டக்காரர் பலர் அழைக்கப்பட்டபோது ஆஷுக்கு மட்டும் அழைப்பு வரவில்லை. மோர்கன் அதை அவரிடம் மறைக்கவில்லை. இப்போதே இதைப் பிரச்சினையாக்குவதா, அல்லது குரல் எடுபடக்கூடிய நிலையை அடைந்த பின் பேசுவதா என்ற கேள்வி எழுந்தது. ஆஷ் பொறுத்திருக்கத் தீர்மானித்தார். அந்தத் தீர்மானம் சரியா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. அறுபதுகளில் தென் மாநிலங்களில் அவருடைய வயதையொத்த மாணவர்கள் உணவகங்களில் அமர்ந்து அடியும் உதையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை எண்ணும்போது, தாம் ஆடுகளத்தில் இருந்ததைப் பற்றிய ஓர் உறுத்தல் பிற்காலத்தில் அவரிடம் இருந்தது. பிறகு அவர் ஆற்றிய பணிகளை விளங்கிக்கொள்ள இந்த உறுத்தலை நாம் மறவாதிருக்க வேண்டும்.

1963இல் அமெரிக்க டேவிஸ் கிண்ண அணியில் இடம்பெற்ற முதற் கறுப்பினத்தவர் என்ற பெருமை ஆஷைச் சேர்ந்தது. 1965இல் பல்கலைக்கழகங்களுக்கான ஒற்றையர் பட்டத்தையும், நியூசிலாந்து மாணவரான இயன் குறூக்கென்டனுடன் இணைந்து இரட்டையர் பட்டத்தையும் வென்றார். 1962 முதல் மூன்று ஆண்டுகள் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திடமிருந்த அணிப் பட்டமும் மீண்டும் யு.சி.எல்.ஏ.யிடம் வந்தது. 1966இல் வணிக நிருவாகத்தில் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் அவருடைய சக ஆட்டக்காரரான, புவேர்ட்டோ றிக்கோவைச் சேர்ந்த சார்ளி பசரெல் ஒற்றையர் பட்டத்தை வென்றார்.

பல்கலைக்கழகத்தில் இராணுவப் பயிற்சிப் பிரிவிற் சேர்ந்திருந்ததால் பட்டம் பெற்றதும் ஆஷ் இராணுவ அதிகாரியானார். வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியிற் பணியாற்றிய காலத்தில், 1968இல், தொழில்முறை ஆட்டக்காரருக்கும் திறந்துவிடப்பட்ட முதலாவது அமெரிக்கப் பகிரங்கப் போட்டியை வென்றார். தொழில்சாரா ஆட்டக்காரர் என்பதால் பரிசுப் பணத்தை அவர் ஏற்க முடியவில்லை. நாளொன்றுக்கு 20 டொலர் செலவுப்படி மட்டுமே அவருக்குக் கிடைத்தது. தோல்வியுற்ற டொம் ஒக்கர் 14,000 டொலரைப் பெற்றுச் சென்றார். அவருடைய தம்பி ஜோனி, அண்ணன் வியட்நாமுக்கு அனுப்பப்படாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத் தாமே இரண்டாம் தடவையும் போர்முனைக்குச் சென்றார் என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். புலமைப்பரிசில் பெற்றவர் ஒருவர். அதற்குரிய விலையின் ஒரு பகுதியைச் செலுத்தியவர் இன்னொருவர்.

அதே நகரில் ஒரு மாணவி

ஆஷ் பிறந்த அதே 1943ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் லோங் பீச் நகரில் தீயணைப்புப் படைவீரர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் பில்லி ஜீன் மொபிட். பொதுப் பூங்காவின் இலவசப் பயிற்சியில் டெனிஸ் கற்றவர். 1955இல் லொஸ் ஏஞ்சல்ஸ் டெனிஸ் கழகத்தில் நடந்த சுற்றுப்போட்டி ஒன்றில், தாயார் தைத்துக் கொடுத்த அரைக் காற்சட்டையை அணிந்து வந்தமைக்காக அவர் குழுப் புகைப்படத்திலிருந்து விலக்கப்பட்டார். பெண்பிள்ளை பாவாடைதான் அணிய வேண்டுமாம்.

1961இல் தமது 17ஆவது வயதில் கரென் ஹான்ட்சியுடன் சேர்ந்து விம்பிள்டன் மகளிர் இரட்டையர் பட்டத்தை வென்றார். அதே ஆண்டில் அவர் லொஸ் ஏஞ்சல்ஸ் அரச கல்லூரியிற் சேர்ந்தார். அவருக்குப் புலமைப்பரிசில் இல்லை. பெண்களுக்கு அப்படியொன்று வழங்கும் வழக்கமே இருக்கவில்லை. விம்பிள்டன் சாம்பியனான அந்த மாணவி பகுதிநேர வேலை செய்து படித்தார். அக்கல்லூரியின் ஆண்கள் அணியில் பின்வரிசை ஆட்டக்காரராக இருந்த லரி கிங்குக்கோ புலமைப்பரிசில் இருந்தது. பின்னாளில் அவருடைய கணவரான லரி கிங், இந்த அநீதியைத் தாமாகவே சுட்டிக்காட்டினார் என்பதைப் பில்லி ஜீன் கிங் பல சந்தர்ப்பங்களிற் கூறியிருக்கிறார்.

இரண்டு இளைஞர்கள். ஒரே வயது. ஒரே நகரம். ஒரே ஆண்டில் உயர்கல்வி. ஒருவருக்கு நிறத்தடை இருந்தும் ஒரு பல்கலைக்கழகம் கதவைத் திறந்தது. மற்றவருக்கு நிறத்தடை இல்லாதிருந்தும் எந்தக் கதவும் திறக்கவில்லை. ஆஷ் பட்டதாரியானார். பில்லி ஜீன் 1964இல் படிப்பை இடைநிறுத்தி ஆட்டத்திற் கவனம் செலுத்தினார். 2025இல், தமது 81ஆவது வயதில், வரலாற்றுப் பாடத்தில் பட்டம் பெறுவதற்காக அதே கல்லூரியின் வகுப்புகளுக்கு மீண்டும் சென்றார் என்ற செய்தியை வாசித்தபோது, அறுபது ஆண்டுகள் தாமதமான ஒரு நீதியாகவே அது எனக்குத் தோன்றியது.

1972இல் நிறைவேற்றப்பட்ட, ஒன்பதாம் அத்தியாயம் என வழங்கும் சட்டப்பிரிவே இந்த நிலையை மாற்றியது. அரசாங்க நிதி பெறும் கல்வி நிறுவனங்களிற் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்பதே அதன் சாரம். விளையாட்டைக் குறித்து அதில் ஒரு சொல்கூட இல்லை. எனினும் விளையாட்டில்தான் அதன் விளைவு மிகத் துலக்கமாகத் தெரிந்தது. மகளிருக்கான தேசியப் பல்கலைக்கழக டெனிஸ் சாம்பியன் போட்டி 1982இல் ஆண்களுக்குரிய அதே சங்கத்தின்கீழ் வந்தது. ஸ்டான்போர்ட் அதில் முதற் பட்டத்தை வென்று நெடுங்காலம் ஆதிக்கம் செலுத்தியது. யு.சி.எல்.ஏ. மாணவி கெரி பீபஸ் 1995இல் ஒற்றையர் பட்டத்தை வென்றார். அப்பல்கலைக்கழகத்தின் மகளிர் அணி 2008இலும் 2014இலும் தேசியப் பட்டம் பெற்றது.

பாசெட் காலமும் கொனர்ஸும்

மோர்கனுக்குப் பின் கிளென் பாசெட் பயிற்றுநரானார். 1950இல் முதற் பட்டம் வென்ற அணியில் ஆடியவர் இவர். 1970, 1971, 1975, 1976, 1979, 1982, 1984 என ஏழு பட்டங்களை இவருடைய அணிகள் வென்றன. 1971 அணியில் பாகிஸ்தானைச் சேர்ந்த ஹாறூன் ரஹீம் இருந்தார். ஜெப் போரோவியக்குடன் அவர் அந்த ஆண்டின் இரட்டையர் பட்டத்தையும் வென்றார். 1980ஆம் ஆண்டுக்கான அவுஸ்திரேலியப் பகிரங்கப் போட்டியை வென்ற பிறயன் டீச்சர், ஜோன் மக்கென்றோவின் இரட்டையர் துணைவராகப் புகழ்பெற்ற பீற்றர் பிளெமிங் ஆகியோரும் பாசெட்டின் மாணவர்களே.

எனினும் அக்காலத்தின் மிகப் பெரிய பெயர் ஜிம்மி கொனர்ஸ். இலினோய் மாநிலத்திலிருந்து தாயாருடன் லொஸ் ஏஞ்சல்ஸ் வந்து பஞ்சோ செகூராவிடம் பயின்ற கொனர்ஸ், 1971இல் முதலாம் ஆண்டு மாணவராகவே ஒற்றையர் பட்டத்தை வென்றார். முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் அதனை வென்றது அதுவே முதல் தடவை. மறு ஆண்டே அவர் பல்கலைக்கழகத்தை விட்டு விலகித் தொழில்முறை ஆட்டக்காரரானார். 1968இல் டெனிஸ் பகிரங்கமாக்கப்பட்டபின் நிலைமை முற்றாக மாறிவிட்டது. பணம் வெளியே இருந்தது. பட்டப்படிப்பை முடிக்க எந்தத் தூண்டுதலும் இருக்கவில்லை. 1975இல் இதே பட்டத்தை முதலாம் ஆண்டிலேயே வென்ற பில்லி மார்ட்டினும் அவ்வாறே வெளியேறினார். பின்னர் அவர் பாசெட்டுக்குப் பின் பயிற்றுநராகத் திரும்பி வந்து, 2005இல் பேய்லர் பல்கலைக்கழகத்தை 4-3 என வென்று யு.சி.எல்.ஏ.க்குப் பதினாறாவது பட்டத்தைப் பெற்றுக்கொடுத்தார்.

1975 ஜூலை 5ஆம் திகதி விம்பிள்டன் ஆண்கள் இறுதிப்போட்டியில் சந்தித்தவர்கள் ஆஷும் கொனர்ஸும். வெளிநாட்டுச் செய்திகள் ரெலிபிரின்டரில் வந்துகொண்டிருந்த காலம் அது. கொனர்ஸ் எளிதில் வெல்வார் என்பதே எங்கும் எதிர்பார்ப்பு. ஆஷ் மீது கொனர்ஸ் மானநட்ட வழக்குத் தொடுத்திருந்தமை ஆட்டத்துக்கு மேலும் காரத்தைச் சேர்த்திருந்தது. முதலிரு செட்களும் 6-1, 6-1 என ஆஷ் பக்கம் என்று வந்தபோது, இலக்கங்கள் இடம்மாறி அச்சாகிவிட்டனவோ என எங்களிற் பலர் ஐயுற்றனர். வேகத்தையே உணவாகக் கொண்ட கொனர்ஸுக்கு ஆஷ் வேகத்தையே கொடுக்கவில்லை. மெதுவான, தாழ்ந்த பந்துகளை அனுப்பி அவரைத் திணறடித்தார். 6-1, 6-1, 5-7, 6-4. விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையர் பட்டம் வென்ற முதற் கறுப்பினத்தவரானார் ஆஷ். ஒரே பல்கலைக்கழகத்தின் இரு சாம்பியன்கள் மோதிய ஆட்டம் அது என்ற தகவல் அன்றைய செய்திகளில் ஒரு வரியாகத்தான் இருந்தது. அந்த ஒரு வரிக்குள் ஒரு தலைமுறையின் மாற்றம் முழுவதும் அடங்கியிருந்தது என்பதைப் பின்னரே வரலாறு உணர்த்தியது.

தென்னாபிரிக்காவும் சென்னைச் சகோதரர்களும்

நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாபிரிக்காவுக்குச் செல்ல ஆஷுக்கு முன்னர் விசா மறுக்கப்பட்டது. 1973இல் அனுமதி கிடைத்ததும் அவர் ஜொகன்னஸ்பேர்க் சென்று ஆடினார். பார்வையாளர் நிறவாரியாகப் பிரிக்கப்படக்கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. ஒற்றையர் இறுதியிற் கொனர்ஸிடம் தோற்றார். ஒக்கருடன் சேர்ந்து இரட்டையர் பட்டத்தை வென்றார். அவர் சென்றது ஆட்சியாளருக்கு அங்கீகாரம் வழங்குவதாகாதா என்று பலர் கண்டித்தனர்.

அடுத்த ஆண்டே இதற்கு நேரெதிரான ஒரு முடிவை உலகம் கண்டது. சென்னையைச் சேர்ந்த ஆனந்த் அமிர்தராஜ், விஜய் அமிர்தராஜ் சகோதரர்களின் திறமையால் 1974 டேவிஸ் கிண்ண இறுதிக்குத் தகுதிபெற்ற இந்தியா, எதிரணி தென்னாபிரிக்கா என்பதால் ஆட மறுத்தது. கிண்ணம் ஆடாமலே தென்னாபிரிக்காவுக்குப் போயிற்று. இந்தியா முதன்முதலாக வென்றிருக்கக்கூடிய கிண்ணம் அது.

போய்ப் பேசுவதா, போகாமல் மறுப்பதா? இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஜொகன்னஸ்பேர்க்குக்கு அருகிலுள்ள அலெக்சாண்ட்ரா சேரியில் வளர்ந்த மார்க் மத்தபானே என்ற சிறுவனுக்கு, தலைநிமிர்ந்து நடமாடிய ஆஷ் ஒரு புதிய உலகத்தைக் காட்டினார். அச்சிறுவன் டெனிஸ் கற்று, ஸ்டான் ஸ்மித்தின் உதவியால் 1978இல் அமெரிக்கக் கல்லூரியொன்றின் டெனிஸ் புலமைப்பரிசில் பெற்று வெளியேறி, தம் மக்களின் வாழ்க்கையை 1986இல் நூலாக எழுதி உலகறியச் செய்தார். மறுபுறம், புறக்கணிப்பே ஆட்சியாளரை அசைத்தது என்பதும் உண்மை. ஆஷும் காலப்போக்கில் அந்த முடிவுக்கே வந்தார். 1985 ஜனவரியில் வொஷிங்டனிலுள்ள தென்னாபிரிக்கத் தூதரகத்துக்கு முன் மறியல் செய்து கைதானார்.

பட்டம் எதற்காக?

1977இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் கறுப்பினப் பெற்றோருக்கு ஆஷ் பகிரங்கக் கடிதம் ஒன்றை எழுதினார். பிள்ளைகளை மைதானத்துக்கு மட்டுமன்றி நூலகத்துக்கும் அனுப்புங்கள் என்பது அதன் செய்தி. தொழில்முறை விளையாட்டில் நிலைபெறுவோர் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லாதபோது, எஞ்சியோரின் கதி என்ன என்று அவர் வினவினார். 1989இல் கல்வித்தகைமை குறைந்த விளையாட்டு வீரருக்குப் புலமைப்பரிசிலைக் கட்டுப்படுத்தும் விதி வந்தபோது, கறுப்பினப் பயிற்றுநர் பலர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். வறிய மாணவனின் ஒரே கதவையும் அடைப்பதா என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆஷ் விதியை ஆதரித்தார். நான்கு ஆண்டுகள் ஒரு மாணவனின் உடலைப் பயன்படுத்திவிட்டு எழுத்தறிவில்லாமல் அவனை வெளியே அனுப்பும் பல்கலைக்கழகமே அவனுக்குப் பெரிய துரோகத்தைச் செய்கிறது என்பது அவருடைய நிலைப்பாடு. மோர்கனிடம் அவர் பெற்றது டெனிஸ் மட்டுமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இக்கேள்வி இன்றும் தீரவில்லை. புலமைப்பரிசில்கள் பெருகின. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முதல்தர ஆண்கள் டெனிஸ் அணிகளில் இன்று பாதிக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு மாணவர்கள். சென்னையிற் பிறந்த மகேஷ் பூபதி மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். சென்னையில் வளர்ந்து பயின்ற சோம்தேவ் தேவ்வர்மன் வெர்ஜினியாப் பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஒற்றையர் சாம்பியனானார். ஆஷ் பிறந்த அதே வெர்ஜினியா. அவர் இளைஞராயிருந்தபோது அவரைத் தேடாத அதே மாநிலத்தின் பல்கலைக்கழகம்.

ஆனால் டெனிஸ் பணம் ஈட்டித் தரும் விளையாட்டன்று. அமெரிக்க உதைபந்தாட்டமும் கூடைப்பந்தாட்டமும் ஈட்டும் பணத்திலேயே அது வாழ்கிறது. பணம் முட்டுப்படும்போது முதலிற் கத்தி விழுவது இத்தகைய விளையாட்டுகள் மீதுதான். 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஜிம்னாஸ்டிக் வீரர்களை உருவாக்கிய யு.சி.எல்.ஏ.யே, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஆண்கள் ஜிம்னாஸ்டிக் அணியையும் நீச்சல் அணியையும் கலைத்துவிட்டது. 2025 ஜூனில் அமெரிக்க நீதிமன்றம் அங்கீகரித்த ஓர் இணக்கப்பாட்டின்படி, ஒவ்வொரு பெரிய பல்கலைக்கழகமும் ஆண்டுக்குச் சுமார் 20 மில்லியன் டொலர் வரை தன் விளையாட்டு வீரருக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். உழைப்புக்கு ஊதியம் என்பதை எவரும் மறுக்க முடியாது. எனினும் அப்பணத்தின் பெரும்பகுதி வருமானம் தரும் இரண்டொரு விளையாட்டுகளுக்கே போகும். எஞ்சியவற்றின் நிலை என்னவாகும் என்ற அச்சம் டெனிஸ் உலகில் இருக்கிறது. அறுபதுகளில் ஒரு காவலாளரின் மகனைப் பட்டதாரியாக்கிய ஏற்பாடு, வரவுசெலவுப் புத்தகத்தில் நட்டக் கணக்காகத் தோன்றும் காலம் இது.

அந்தக் கணக்கை எப்படி எழுதுவது என்பதற்கு ஆஷின் இறுதிக்காலமே விடை தருகிறது. 1983இல் இருதய சத்திரசிகிச்சையின்போது ஏற்றப்பட்ட குருதி மூலம் அவருக்கு எயிட்ஸ் தொற்றியது. 1992 ஏப்ரலில் அதனை உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டு செப்டெம்பரில், படகேறி வந்த ஹெயிட்டி நாட்டு அகதிகளைத் திருப்பி அனுப்பும் கொள்கையை எதிர்த்து, நோயுற்ற உடலுடன் வெள்ளை மாளிகைக்கு முன் மறியல் செய்து கைதானார். மறுநாள் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. 1993 பெப்ரவரி 6ஆம் திகதி காலமானார். அப்போது அவருக்கு வயது 49.

கடல் கடந்து வந்து அந்நிய நாடுகளின் வாசலிற் காத்துநின்ற அனுபவம் நம்மவருக்கு உண்டு. வேறொரு நாட்டு அகதிக்காகத் தெருவில் இறங்கிய அந்த மனிதரை உருவாக்கியதில் டொக்டர் ஜோன்சனின் கண்டிப்புக்கும், தம்பி ஜோனியின் தியாகத்துக்கும், மோர்கனின் ஒரு தொலைபேசி அழைப்புக்கும் பங்குண்டு. யு.சி.எல்.ஏ.யின் மாணவர் சுகாதார நிலையம் இன்று ஆர்தர் ஆஷின் பெயரைத் தாங்குகிறது. ஆடுகளத்துக்கு வராத மாணவரும் அங்கு நாள்தோறும் சிகிச்சை பெற்றுச் செல்கின்றனர்.